அழிக்காமல் வைத்த நாலடி

1. தெற்கு இல்லாத மனைகள்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஊரப்பாக்கத்தில் சில மனைகளுக்குத் தெற்குத் திசையே இல்லாமல் போனது. போக்கியவர் எங்கள் முதலாளி ஏகாம்பரம் சார்.

சார் லைசென்ஸ் வாங்கிய பத்திர எழுத்தர். தாம்பரத்தில் ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் பக்கத்துச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் சாவி போடும் கடைக்கும் நடுவில் எங்கள் ஆபீஸ். நான் அங்கே டைப்பிங் ஆபரேட்டர். பெயர் கலாவதி. சாருக்கு நான் கலா. கோபம் வந்தால் மட்டும் முழுப் பெயரும் வரும்.

பத்திர ஆபீசில் எதையும் முதலிலிருந்து டைப் அடிப்பதில்லை. அதே லேஅவுட்டில் முன்பு எழுதிய பத்திரத்தைத் திறப்போம், பெயரை மாற்றுவோம், மனை எண்ணை மாற்றுவோம், எல்லைகளை மாற்றுவோம். அவ்வளவுதான் புதுப் பத்திரம். எல்லா ஆபீசிலும் இதுதான் வழக்கம். ஆபத்தும் இதில்தான் இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அன்றைய பார்ட்டி வாங்கியது சாலைக்கு எதிர்ப்பக்க மனைகள். பழைய பத்திரத்தில் ‘சாலைக்கு வடக்கு’ என்றிருந்தால் புதியதில் ‘சாலைக்குத் தெற்கு’ என்று வர வேண்டும். தெற்கு இருந்த இடத்தில் வடக்கு வர வேண்டும். சார் அப்போதுதான் ‘ரீப்ளேஸ் ஆல்’ என்ற ஒன்றைக் கற்றிருந்தார். ஒரு சொல்லைக் கொடுத்தால் பத்திரம் முழுக்க அதைத் தேடிப் பிடித்து வேறு சொல்லாக மாற்றிவிடும். புது விசில் கிடைத்த குழந்தை மாதிரி எதற்கெடுத்தாலும் அதைத்தான் ஊதுவார்.

"தள்ளும்மா. இதுக்குப் போய் ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டு. ஒரே அமுக்கு, கலா!"

முதல் அமுக்கில் வடக்கெல்லாம் தெற்கானது. சரி. இரண்டாவது அமுக்கில் தெற்கெல்லாம் வடக்கானது. முதலில் வடக்காக இருந்து இப்போதுதான் தெற்கான பாவங்களும் சேர்ந்து வடக்காயின. சார் திருப்தியாகச் சேவ் செய்து, ஃபைலை மூடிவிட்டு, பார்ட்டிக்கு டீ சொல்லப் போனார்.

நான் திறந்து பார்த்தேன். சாலைக்கு வடக்கு, பக்கத்து மனைக்கு வடக்கு, கோவில் நிலத்துக்கு வடக்கு. ஊரே வடக்கு. இதில் எது பிறவியிலேயே வடக்கு, எது தெற்கிலிருந்து வந்த வடக்கு என்று அந்த ஊர்க் காவல் தெய்வத்துக்கே தெரியாது.

"கன்ட்ரோல் இசட் அடிம்மா. திரும்பி வந்துடும்" என்றார் சார்.

அடித்தேன். ஒன்றும் வரவில்லை. செய்ததைத் திருப்பும் இந்த அண்டூ, ஃபைல் திறந்திருக்கும் வரைதான் உயிரோடு இருக்கும். மூடிவிட்டால் அதுவரை நடந்தது எல்லாம் அதற்கு மறந்துபோகும். பழைய ஃபைலின் மேலேயே சேவ் செய்ததால் பழைய பத்திரமும் போய்விட்டது. ரெஜிஸ்டர் ஆபீசில் டோக்கன் நெருங்கிக்கொண்டிருந்தது. பார்ட்டியோ நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. காலையில் பழைய பத்திரத்தை ஒருமுறை பிரிண்ட் எடுத்துப் பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டிருந்தோம். கூடை காலி. எங்கள் குப்பைத் தாள்களெல்லாம் எதிரில் இருந்த வடைக்கடைக்குப் போகும். ஓடினேன்.

"இன்னாமா, இப்ப வந்து கேக்குற?" என்றார் வடைக்கடை அக்கா. "மொதோ பேப்பர் கீது. ரெண்டாவது பேப்பர்ல இப்பதான் அந்த வக்கீல் கிளார்க்குக்கு மசால் வடை கட்டிக் குடுத்தேன்."

கிளார்க்கைப் பாதி வடையோடு பிடித்தேன். நல்ல மனிதர். வடையைக் கையில் எடுத்துக்கொண்டு தாளைக் கொடுத்தார். எண்ணெயில் ஊறிக் கண்ணாடி போல ஆகியிருந்தாலும் எழுத்து தெரிந்தது. அதைப் பார்த்து ஒவ்வொரு திசையாக நானே திருத்தினேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

பார்ட்டியை அனுப்பிவிட்டு வந்த சார் என்னை முறைத்தார். "கலாவதி, இந்த வடை விஷயம் இந்தச் சந்தைத் தாண்டக் கூடாது."

ஒரு வாரத்துக்குள் அவரே சந்து முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அப்படிப்பட்ட மனிதர். அன்றிலிருந்து குப்பைத் தாள்களைக் கிழித்துத்தான் போடுகிறோம். ஊரார் சொத்து விவரமெல்லாம் வடை கட்டுவதற்கா இருக்கிறது?

2. எது கடைசி ஃபைனல்?

அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன். பழைய பத்திரத்தைத் திறந்தால் முதல் வேலை ‘சேவ் ஆஸ்’. அதாவது வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துவிட்டு, அந்த நகலில்தான் கை வைக்க வேண்டும். சார் ஒத்துக்கொண்டார். ஆனால் பெயர் வைப்பதில் அவர் கைவரிசையைக் காட்டிவிட்டார். ஒரே பத்திரத்துக்கு ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் லாஸ்ட்’, ‘சார் ஓகே ஃபைனல்’ என்று வரிசையாக நிற்கும்.

"எது சார் கடைசி?"

"ஃபைனல்தாம்மா கடைசி."

"நாலு ஃபைனல் இருக்கு சார்."

"அதுல கடைசி ஃபைனல். இது கூடவா தெரியாது?"

இவரோடு மல்லுக்கட்ட முடியாது என்று நானே எண் போட ஆரம்பித்தேன். பத்திரத்தின் பெயர், பக்கத்தில் 01. பார்ட்டி ஒரு திருத்தம் சொன்னால் 02. ஃபைனல் என்ற சொல்லுக்கே ஆபீசில் இடமில்லை. ரெஜிஸ்டர் ஆகி வருகிற வரை எதுவும் ஃபைனல் கிடையாது. அந்த எண்ணையே ஒவ்வொரு டிராஃப்டின் அடியிலும் சின்னதாக வரவைத்தேன். பார்ட்டி கையில் இருப்பது எத்தனையாவது டிராஃப்ட் என்று எங்களுக்கும் தெரிய வேண்டும், அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

"பத்திரத்துக்கு நம்பரா? இது என்ன பரீட்சை பேப்பரா?" என்று குதித்தார் சார். பிறகு பக்கத்து ஆபீஸ்காரர் ஒருவர் தப்பான டிராஃப்டை ரெஜிஸ்டர் செய்துவிட்டுப் பிழைதிருத்தல் பத்திரத்துக்கு அலைந்தபோது, எங்கள் வாசலில் நின்றுகொண்டு அவருக்குப் பாடம் எடுத்தார். "நம்ம ஆபீஸ்ல எல்லாத்துக்கும் நம்பர் உண்டு. நான் கொண்டுவந்த சிஸ்டம்." உள்ளே உட்கார்ந்து நான் சிரித்தேன். யார் கொண்டுவந்தால் என்ன, வந்ததே.

ஹார்ட் டிஸ்க் ஒருமுறை படுத்த பிறகு, சர்வீஸ்காரர் சொல்லி எல்லா ஃபைலையும் இன்டர்நெட் டிரைவில் வைத்தோம். அதில் நாம் சேவ் அடிக்காவிட்டாலும் அதுவாகவே சேவ் ஆகிக்கொண்டிருக்கும். கூடவே ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ என்று ஒன்று. இன்ன நேரத்தில் பத்திரம் எப்படி இருந்தது என்பதை எடுத்து வைத்திருக்கும். கேட்டால் காட்டும்.

"நம்ம பார்ட்டி விவகாரமெல்லாம் ஆகாசத்துலயா இருக்கு?" என்று சார் கவலைப்பட்டார். அவருக்கு அது கடைசி வரை பிடிக்கவில்லை. எனக்கும் அதைத் திறந்து பார்க்கிற அவசியம் வரவில்லை. பெருங்களத்தூர் பாகம் வரும் வரை.

3. பெருங்களத்தூர் பாகம்

பெருங்களத்தூரில் அந்தக் காலத்தில் நெல் விளைத்த குடும்பம். நிலமெல்லாம் அபார்ட்மென்ட்டாகப் போக, மிஞ்சியது அப்பா பெயரில் ஒரே மனை. மூன்று பிள்ளைகள். மூத்தவர் தாமோதரன், செங்கல் மணல் வியாபாரம். அடுத்தது மல்லிகா அக்கா. கடைக்குட்டி சேகர், சொந்தமாக இரண்டு கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். அப்பா காலமான பிறகு மூவரும் பாகம் பிரித்துக்கொள்ள எங்களிடம் வந்தார்கள்.

நான் பார்த்த பாகங்களில் பாதிக்குமேல், பெண்ணிடம் ஒரு கையெழுத்து வாங்கி வெளியே அனுப்புகிற சங்கதியாகத்தான் இருக்கும். இங்கே தாமோதரன் முதல் நாளே சாரிடம் சொல்லிவிட்டார். "சார், மூணு பங்கு. எங்க அப்பா நெல்லு அறுத்தப்ப மல்லிகாவுந்தான் கட்டு தூக்குச்சு." எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போனது.

மனையின் அமைப்பை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சாலையை ஒட்டிய முன்பக்கத்தில் இடதுபுறம் அண்ணனுக்கு, வலதுபுறம் தம்பிக்கு. ஆளுக்கு நாற்பது அடி அகலம். பின்பக்கம் முழுவதும் மல்லிகா அக்காவுக்கு. பின்பக்கத்துக்குப் போக வழி வேண்டுமே? அதற்காக, அண்ணன் பங்கை ஒட்டித் தம்பி பங்கின் ஓரமாகப் பத்தடிப் பாதை. பத்தடியையும் தம்பி மட்டும் இழப்பது நியாயமில்லை என்று அண்ணன் தன் எல்லையை ஐந்தடி உள்ளே இழுத்துக்கொண்டார். ஆக, அண்ணனுக்கு முப்பத்தைந்து, தம்பிக்கு முப்பத்தைந்து, நடுவில் அக்காவுக்குப் பாதை பத்து, பேரமே இல்லாமல். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள்.

அந்தப் பத்தடிதான் மல்லிகா அக்காவுக்கு உயிர். இட்லி மாவு அரைத்து விற்கிறவர். வீட்டுக்காரர் இல்லை. இரண்டு பெண்களையும் மாவுதான் படிக்க வைத்தது. வாடகைக் கடையை இடிக்கப்போகிறோம், காலி செய் என்று சொல்லிவிட்டார்கள். பின்பக்க மனையில் ஷெட் போட்டுக் கிரைண்டர்களை இறக்க வேண்டும். அரிசி மூட்டையோடு லோடு ஆட்டோ உள்ளே வர வேண்டும், மாவு டின்களோடு வெளியே போக வேண்டும். பாதை இல்லையென்றால் அது மனையே இல்லை, கிணறு.

நாலாவது டிராஃப்டில் பாதை ஏறியது. ஐந்தாவதில் அண்ணன் எல்லையை உள்ளே இழுத்தேன். அன்று காலை மல்லிகா அக்கா ஆபீசுக்கு வந்து, அந்த ஐந்தாவது டிராஃப்டைப் பார்த்து, போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். நான் சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. ஃபைலை மூடப் போனேன்.

"மூடாதம்மா. நான் ஒரு தடவை படிச்சுட்டு மூடிக்கிறேன்" என்றார் சார்.

சரி சார் என்று கிளம்பிவிட்டேன். அந்தத் திறந்திருந்த ஃபைலில்தான் வந்தது வினை.

4. மூன்று தாள், ஒரே நம்பர்

இரண்டு நாள் லீவு முடிந்து நான் வந்த காலையிலேயே பத்திரம் படித்துக்காட்ட வைத்திருந்தார்கள். இது எங்கள் தொழிலில் விடவே கூடாத வழக்கம். முத்திரைத்தாளில் ஏற்றுவதற்கு முன்னால் எல்லா பார்ட்டியையும் உட்காரவைத்து, சார் வாய்விட்டுப் படிப்பார். கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமி, பாசுரம் மாதிரி இழுத்துப் படிப்பார். ஒவ்வொரு பங்கும் முடிந்ததும் ‘சரியா?’ என்பார். மூவரும் ‘சரி’ சொன்னால்தான் அடுத்தது.

"தாமோதரன் பாகத்துக்குச் சேர்ந்தது. கிழமேல் அடி நாற்பது..."

கிழமேல் என்றால் கிழக்கு மேற்காக, அதாவது அகலம். சேகர் தலையை நிமிர்த்தினார். "சார், நாப்பதா? முப்பத்தஞ்சு சார்."

சார் தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தார். "நாற்பதுன்னுதாம்பா இருக்கு."

தாமோதரன் மஞ்சள் பையிலிருந்து தன் தாளை எடுத்தார். நேற்று ஆபீசில் வாங்கிப்போனது. "என்னுதுலயும் நாப்பதுன்னுதான் கீது" என்றார் வெள்ளந்தியாக.

சேகருக்கு முகம் மாறிவிட்டது. "அப்ப உனக்குத் தெரிஞ்சுதான் நடந்திருக்கு. அஞ்சடி தரேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு, தனியா வந்து நாப்பதாக்கிகினு போயிட்டே. அண்ணி சொன்னாங்களா?"

"டேய்! நான் இத்தத் தொறந்துகூடப் பாக்கலடா! குடுத்தாங்க, பைல வெச்சேன்."

"பாக்காமயே நாப்பதாயிடுச்சா?"

"இருங்கடா, கத்தாதீங்க" என்று மல்லிகா அக்கா நடுவில் புகுந்தார். "சேகரு, உன் பேப்பர்ல முப்பத்தஞ்சுதானே போட்டுகீது? குடு, பாக்கலாம்."

சேகர் கொடுப்பதற்குள் அவரே உருவிக்கொண்டார். முப்பத்தைந்துதான் இருந்தது. அதைக் காட்டி இருவரையும் சமாதானப்படுத்தத்தான் வாயைத் திறந்தார். ஆனால் விரல் இரண்டு வரி கீழே போய் நின்றுவிட்டது.

"பாத... நாலடியா?"

அக்கா தாளைத் தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நாலடில இன்னாடா போவும்? சைக்கிள் போவும். என் அரிசி மூட்டைய நான் தலைல தூக்கிகினு போவணுமா? கிரைண்டர உருட்டிகினு போவணுமா? சொல்லுடா."

தாமோதரன் மூன்றையும் பிடுங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தன் தாள், தம்பி தாள், தங்கை போனில் இருந்த படம். மூன்றின் அடியிலும் 05. "இன்னா சார் இது? மூணு பேப்பர், மூணு கணக்கு, அடில மட்டும் ஒரே நம்பரு? நாங்க ஒயுங்காத்தானே சார் வந்தோம்? உங்க ஆபீஸ்ல வெச்சு எங்களப் பிரிக்கிறீங்களா?"

என் நம்பர்! நான் பெருமையாக நினைத்த நம்பர் என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. எந்தப் பார்ட்டி எகிறினாலும் சார் பதில் வைத்திருப்பவர். அன்று கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"எழுந்திரு மல்லிகா. கோர்ட்ல பாத்துக்கலாம்" என்றார் தாமோதரன்.

"நான் எங்கயும் வரல. கோர்ட்டுக்குப் போனா எப்ப தீர்ப்பு வரும்? என் பொண்ணுங்க பேரன் பேத்தி எடுத்ததுக்கு அப்பறமா? அதுவரைக்கும் கிரைண்டர எங்க வெப்பேன், உன் தலைலயா?" அழுதுகொண்டேதான் சொன்னார். ஆனால் நாற்காலியை விட்டு அசையவில்லை. அந்த அசையாமைதான் அன்று எல்லோரையும் காப்பாற்றியது என்று இப்போதும் நினைக்கிறேன்.

"அண்ணா, ஒரு டீ குடிக்கிற நேரம் உட்காருங்க. அதுக்கப்பறம் கோர்ட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

5. காலை, மதியம், சாயங்காலம்

வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தேன். ஐந்தாவது டிராஃப்டுக்குள், நான் கல்யாணத்துக்குப் போன நாளில் மட்டும் மூன்று வரிகள். காலை, மதியம், சாயங்காலம். யார் செய்தது என்று அதில் இல்லை. எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் ஒரே லாகின். மூன்று பேரும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

காலை: அண்ணனுக்கு முப்பத்தைந்து, பாதை பத்து. அக்கா படம் எடுத்தது. மதியம்: முப்பத்தைந்து, பாதை நாலு. சேகர் தாள். சாயங்காலம்: பாதை மறுபடி பத்து, ஆனால் அண்ணனுக்கு நாற்பது. தாமோதரன் தாள்.

சாயங்கால வரியைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இது யாருடைய சூதும் இல்லை. கன்ட்ரோல் இசட். மதியம் யாரோ பாதையை நாலாக்கியிருக்கிறார்கள். சாயங்காலம் அதைத் திருப்ப அண்டூ அமுக்கியிருக்கிறார்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் இன்னும் அமுக்கியிருக்கிறார்கள். அண்டூவுக்கு உன் வேலை, என் வேலை என்ற பேதமெல்லாம் கிடையாது. கடைசியில் செய்ததிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். மதியம் செய்ததைக் கழற்றிவிட்டு, காலையில் நான் உள்ளே இழுத்த ஐந்தடியையும் சேர்த்துக் கழற்றிவிட்டது. ஃபைல் மூடாமல் இருந்ததால் அது முடிந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

‘ஒரே அமுக்கு’ யாருடையது என்று நான் கேட்கவே தேவையில்லை. சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கும் இப்போது எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.

"கை தவறி நாலுன்னு விழுந்துடுச்சு" என்றார் சார். "அதைச் சரிபண்றேன்னு இன்னும் கெடுத்துட்டேன். வயசாச்சு. என் தப்புதான். மன்னிச்சுக்குங்க."

எனக்குச் சுருக்கென்றது. பத்து கை தவறி நாலு ஆகாது. பத்திர எழுத்தருக்கு ஒரு தர்மம் உண்டு. ஒரு பார்ட்டி தனியாக வந்து கேட்டதை இன்னொரு பார்ட்டியிடம் சொல்ல மாட்டார். அந்த தர்மத்துக்காக, சந்து முழுக்கக் கௌரவமாக இருந்த மனிதர், வயதாகிவிட்டது என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

சேகர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை என்பது போல மவுசை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

"சார் மேல தப்பு இல்ல" என்றார் சேகர் கடைசியில். "நான்தான் மதியம் வந்து கேட்டேன். நாலடின்னு போட்டா எப்டி இருக்கும், சும்மா பாக்கலாம் சார், ஒரு பிரிண்ட் குடுங்கன்னேன். மெய்யாலுமே நாலாக்கிடலாம்னுதான் நெனச்சேன். இன்னொரு கார் நிறுத்த எடம் கெடைக்குமேன்னு ஆசை."

தாமோதரன் கையை ஓங்கிவிட்டார். சார் குறுக்கே போய் நின்றார்.

நான் சாயங்கால வரியைச் சுட்டிக்காட்டினேன். "அண்ணா, இதையும் பாருங்க. அன்னிக்கே மறுபடி பத்தாகியிருக்கு. பார்ட்டி சொல்லாம சார் ஒரு கமா கூட மாத்த மாட்டார். யாரோ திருப்பச் சொல்லியிருக்காங்க."

மல்லிகா அக்கா திரையையே பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். "யாருடா திருப்பச் சொன்னது?"

"நான்தான்" என்றார் சேகர். "பிரிண்ட எடுத்துகினு நேரா உன் கடைக்குத்தான் வந்தேன். சொல்லிடலாம்னு. நீ கிரைண்டர் கழுவிகினு இருந்தே. என்னப் பாத்ததும், சேகரு, சாப்ட்டியான்னு கேட்டே. அதோட சரி. வெளிய வந்து சாருக்குப் போன் பண்ணி, வேணாம் சார், பழையபடி ஆக்கிடுங்கன்னு சொல்லிட்டேன். இந்தப் பேப்பர் வண்டிலயே கெடந்திருக்கு. காலைல அதுதான்னு நெனச்சு எடுத்தாந்துட்டேன்."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "அன்னிக்கு மாவு வாங்காமயே போய்ட்டியேடா. இன்னா கோவமோன்னு நெனச்சுகினு இருந்தேன்."

தாமோதரன் ஓங்கிய கையைத் தம்பியின் தலையில் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். அடியும் இல்லை, அணைப்பும் இல்லை, அண்ணன்மார்கள் மட்டும் செய்வது அது. "பேமானி. என்னயப் போய் அண்ணி பேச்சக் கேட்டவன்னு சொன்னியேடா." சேகர் அழுதுகொண்டே சிரித்தார். சார் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

6. மல்லிகா அக்கா சொன்னது

காலை வெர்ஷனை நகல் எடுத்து 06 என்று பெயரிட்டேன். பழைய ஐந்தின் மேல் எதையும் எழுதவில்லை. பிரிண்ட் எடுத்து, சார் முதலிலிருந்து மறுபடி படித்தார். இந்த முறை மூன்று ‘சரி’யும் கணீரென்று வந்தது. டோக்கனுக்கும் நேரம் இருந்தது. கையெழுத்து, கைரேகை, போட்டோ எல்லாம் முடித்துத் திரும்பியபோது அக்கா கையில் மை ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமலே எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

சார் அன்றோடு ரீப்ளேஸ் ஆலையும் கன்ட்ரோல் இசட்டையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டார். "ஒரே அமுக்குன்னு இனிமே சொன்னேன்னா கையில ஸ்கேலால போடு" என்றார். இன்னும் சொல்கிறார். நான் போடுவதில்லை.

இப்போது எங்கள் ஆபீசில் டைப்பிங்குக்குச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். திறந்ததும் நகல் எடுங்கள். ‘சும்மா பார்க்க’ என்று யார் கேட்டாலும் அதற்கும் தனி நம்பர் போடுங்கள், சும்மா பார்த்த தாள்தான் ஒருநாள் சபைக்கு வரும். கன்ட்ரோல் இசட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அமுக்குங்கள், மனக்கணக்கில் அமுக்காதீர்கள். இன்னொருவர் வேலை செய்த ஃபைலில் அண்டூ பக்கமே போகாதீர்கள். பழைய வெர்ஷன்களை இடத்தை அடைக்கிறது என்று அழிக்காதீர்கள். இந்தக் கடைசி விஷயம் மட்டும் நான் கற்றுச் சொல்வதல்ல, மல்லிகா அக்கா சொன்னது.

அன்று எல்லோரும் கிளம்பும்போது சேகர் மட்டும் வாசலிலிருந்து திரும்பி வந்தார். என் மேஜை ஓரத்தில் நின்று, மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, அந்த மதியத்துது... நாலடி போட்டது. அத மட்டும் அழிச்சிடுறீங்களா? யாரும் பாக்க வேணாம்."

அழிப்பது பெரிய வேலை இல்லை. மவுஸ் என் கையில்தான் இருந்தது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, அழித்துவிடலாம் என்றே நினைத்தேன். அதற்குள் மல்லிகா அக்கா அவர் பின்னாலேயே வந்துவிட்டார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"வேணாம்மா, இருக்கட்டும்" என்றார் என்னிடம். பிறகு தம்பியின் தோளைப் பிடித்து வாசலுக்குத் திருப்பினார். "நாலடிய அழிச்சிட்டா, நீ திருப்பினதும் சேர்ந்து அழிஞ்சிடும்டா. எனக்கு அது வேணும். வா, வூட்டுக்கு மாவு எடுத்துகினு போ."